வெள்ளுடை வேந்தர் பிட்டி தியாகராயர்: பழைய வண்ணாரப்பேட்டையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.சி. ரோட்டில் எனக்கு ஒரு சிறிய ஜவுளிக்கடை இருக்கிறது. துண்டு, வேட்டி, லுங்கி, பாவாடைத் துணி விற்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை திறப்பதற்கு முன்னால் அக்கம்பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருவொற்றியூர் நெடுஞ்சாலை வரை நடப்பேன். வழியில் பிட்டி தியாகராயரைப் பற்றிச் சொல்வேன். எங்கள் பேட்டையில் வாழ்ந்து, வியாபாரம் செய்து, வாழ்நாளின் பெரும்பகுதியை ஊர்ப் பணிக்குக் கொடுத்த மனிதர் அவர். பிள்ளைகளும் அவர்களோடு வரும் பெற்றோரும் கடைக்கு வருபவர்களும் கேட்டவற்றை நோட்டில் குறித்து வைத்திருந்தேன். கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களையும் எழுதிவிட்டேன்.

யார் இந்தத் தியாகராயர்? இரண்டு வரியில் சொல்லுங்கள்.

1852ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று பிறந்தவர். நெசவுத் தொழில் அதிபர், தோல் வியாபாரி, சென்னை மாநகராட்சியில் நாற்பது ஆண்டுகள் உறுப்பினர், அதன் முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர், நீதிக்கட்சி என்று மக்கள் அழைத்த தென்னிந்திய நலவுரிமைச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். 1925ஆம் ஆண்டு மறைந்தார்.

தி. நகர் (தியாகராய நகர்) என்பது திருவொற்றியூர் தியாகராஜ சுவாமியின் பெயரா? அல்லது திருவையாற்றுத் தியாகராஜரா?

இரண்டும் இல்லை. தி. நகர் என்பது சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான தியாகராஜர் பெயரால் வந்தது என்று பட்டம் பெற்றவர்களே என்னிடம் அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். அது நம் பேட்டைத் தியாகராயரின் பெயர்தான். திருவொற்றியூர் கோயிலில் இருக்கும் தியாகேசரின் பெயரும் இதுவும் ஒரே சொல்லில் இருந்து வந்தவை என்பதால் குழப்பம் வருவது இயல்பு. ஆனால் ஒரு முறை தெரிந்துகொண்ட பிறகு மறந்துவிடாதீர்கள்.

‘பிட்டி’ என்றால் என்ன? அவர் நாட்டுக்கோட்டைச் செட்டியாரா?

பிட்டி என்பது குடும்பப் பெயர். தெலுங்கு பேசுபவர்கள் வீட்டுப் பெயரை முன்னால் வைப்பது வழக்கம். தியாகராயர் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட தேவாங்கர் குலத்தில் பிறந்தவர். தேவாங்கர்கள் சௌடேஸ்வரி அம்மனைக் குலதெய்வமாக வணங்குபவர்கள். பரம்பரையாக நெசவு செய்பவர்கள். செட்டி என்ற பட்டம் பல வணிகக் குலங்களுக்குப் பொது. நாட்டுக்கோட்டை நகரத்தார் வேறு, இவர்கள் வேறு.

என்ன தொழில் செய்தார்? பரம்பரைப் பணக்காரர்தானே?

வசதியான குடும்பத்தில் பிறந்தார் என்பது உண்மை. மாநிலக் கல்லூரியில் படித்து 1876ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் பட்டம் வாங்கியவர்களுக்குச் சர்க்கார் உத்தியோகம் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். அவர் குடும்பத் தொழிலுக்கே திரும்பினார். தோல் பதனிடுதல், நெசவு இரண்டும் அவர் கைக்கு வந்தன.

அவர் வாழ்ந்த இடத்தைப் புரிந்துகொண்டால்தான் அந்த முடிவு புரியும். சென்னைப்பட்டினமே துணிக்காக வளர்ந்த ஊர். கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே கடை விரித்ததற்கு முதல் காரணம் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி. நெய்து வந்த துணியை வெளுப்பதற்கும் சாயம் ஏற்றுவதற்கும் கம்பெனி குடியமர்த்திய மக்களால் வண்ணாரப்பேட்டை உருவானது. சற்று வடக்கே காலடிப்பேட்டை. ஜோசப் காலெட் என்ற கவர்னர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெசவாளர்களைக் குடிவைத்த ஊர் அது. காலெட்பேட்டை மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆனது. தென்மேற்கே சிந்தாதிரிப்பேட்டையும் நெசவாளர்களுக்காக ஏற்படுத்தப்பட்டதுதான். இப்படித் தறிச் சத்தத்தோடு பிறந்த நகரத்தில், தியாகராயர் வளர்ந்து ஆளான காலத்தில் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருந்தன. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைத் துணி கப்பல் கப்பலாக இறங்கியது. பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்காம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் எழுந்து, சங்கு ஊதி ஆட்களை அழைத்தன.

தியாகராயர் இந்த இடத்தில்தான் தன் புத்தியைக் காட்டினார். கைத்தறி அழியாமல் இருக்க வேண்டுமானால் தறி மாற வேண்டும் என்று நினைத்தார். சுமார் நூறு தறிகள் கொண்ட நெசவுக்கூடம் நடத்தி, விசைநாடா பூட்டிய தறிகளை அதில் ஓட்டினார்.

நெசவு தெரியாத பிள்ளைகளுக்காக இதைச் சற்று விளக்க வேண்டும். பழைய குழித்தறியில் நெசவாளி, குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் நாடாவை ஒரு கையால் பாவுக்குள், அதாவது நீளவாக்கு நூல்களுக்கு நடுவில், எறிந்து, மறு கையால் பிடிக்க வேண்டும். ஊடை இழை அப்படித்தான் குறுக்கே ஓடும். கை எட்டும் அகலத்துக்குத்தான் ஒருவர் தனியாக நெய்ய முடியும். அகலம் கூடினால் இன்னோர் ஆள் வேண்டும். விசைநாடா வந்த பிறகு ஒரு கயிற்றைச் சொடுக்கினால் போதும், நாடா தானாகவே ஓடி மறுகோடியில் நிற்கும். மறு கை, இழைகளை நெருக்கும் சீப்பு போன்ற பன்னையை இழுத்து அடிக்க விடுபட்டுவிடும். வேகமும் கூடும், அகலமும் கூடும். நெசவாளியை ஆலைக்கு அனுப்பாமலே அவன் வருமானத்தை உயர்த்த அன்றைக்கு இருந்த வழி இதுதான். துணி விற்றுப் பிழைப்பவன் என்பதால் எனக்கு அவருடைய அரசியலைவிட இந்த நெசவுக்கூடம் நெருக்கமானது.

ஒரு வியாபாரிக்கு மாநகராட்சியில் என்ன வேலை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

1882ஆம் ஆண்டு அவர் சென்னை மாநகராட்சியின் உறுப்பினரானார். அப்போது வயது முப்பது. அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். இன்றைக்கு ஒரு பதவியைக் கேட்பவர்கள் அடுத்த பதவியை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். தியாகராயர் சேர்ந்தபோது மாநகராட்சியின் தலைவர் பதவி சர்க்கார் நியமிக்கும் அதிகாரிக்கு உரியது. ஓர் இந்திய உறுப்பினர் எவ்வளவு உழைத்தாலும் ஏறிப்போக மேலே படியே இல்லை. அப்படியிருந்தும் கூட்டம் கூட்டமாக அவர் உட்கார்ந்தார்.

எதற்காக உட்கார்ந்தார் என்று பார்க்க அந்தக் காலத்துச் சென்னையை நினைத்துப் பாருங்கள். ஏழுகிணறு தண்ணீர் போதாமல் போய், 1872ஆம் ஆண்டு முதல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. வழியெல்லாம் திறந்து கிடந்த கால்வாய். அது நோயையும் சேர்த்துக் கொண்டுவந்தது. மணல் படுகையில் வடிகட்டும் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914ஆம் ஆண்டுதான் வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் நாற்பத்திரண்டு ஆண்டுகள். தியாகராயரின் மாநகராட்சி வாழ்க்கையின் பெரும்பகுதி அந்த இடைவெளியில் நடந்தது. குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, ஆரம்பப் பள்ளி, வரி. கேட்பதற்கு அலுப்பாக இருக்கும். ஆனால் பேட்டையில் ஒரு குழந்தை பிழைப்பதும் போவதும் இந்த அலுப்பான விஷயங்களில்தான் இருந்தது.

தொடக்கத்தில் மாநகராட்சி அலுவலகம் ஜார்ஜ் டவுனில், எர்ரபாலு செட்டித் தெருவில் இயங்கியது. 1913ஆம் ஆண்டுதான் வெள்ளை மாளிகை போன்ற ரிப்பன் கட்டடத்துக்கு மாறியது. வண்ணாரப்பேட்டையிலிருந்து எர்ரபாலு செட்டித் தெரு பக்கம்தான். கடையையும் நெசவுக்கூடத்தையும் பார்த்துவிட்டு ஒருவர் கூட்டத்துக்குப் போய் வரக்கூடிய தூரம்.

கொடை கொடுத்தவர்களை நாம் எளிதில் நினைவில் வைத்துக்கொள்கிறோம். கல்வெட்டு இருக்கும், பெயர்ப் பலகை இருக்கும். நேரத்தைக் கொடுத்தவருக்குக் கல்வெட்டு கிடையாது. வியாபாரிக்குப் பணத்தைவிட நேரம்தான் பெரிய முதல். கல்லாவில் நாம் இல்லாத ஒவ்வொரு மணி நேரமும் நட்டம். அவர் அந்த முதலை நாற்பது ஆண்டுகள் ஊருக்காகப் போட்டார். அவரைப் பற்றிப் பேசும்போது இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம்.

அவர் சென்னையின் மேயராக இருந்தாரா?

சரியான சொல் ‘தலைவர்’. 1920ஆம் ஆண்டு மாநகராட்சியின் முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் ஆனார். மேயர் என்ற பதவிப் பெயர் 1933ஆம் ஆண்டு மீண்டும் வழக்கத்துக்கு வந்தது. அப்போது மேயரானவர் ராஜா சர் எம்.ஏ. முத்தையா செட்டியார்.

மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியவர் காமராஜர் அல்லவா? தியாகராயர் என்று ஏன் சொல்கிறீர்கள்?

மாநிலம் முழுவதும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவைக் கொண்டுசேர்த்தவர் காமராஜர். 1956ஆம் ஆண்டு தொடங்கிய அந்தப் பெரும்பணியை யாரும் குறைக்க முடியாது, நானும் குறைக்கவில்லை. 1982ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022ஆம் ஆண்டு காலை உணவும் வந்தது. ஆனால் இந்த ஆற்றின் ஊற்றுக்கண் சென்னை மாநகராட்சியில் இருக்கிறது.

தியாகராயர் தலைவராக இருந்த 1920ஆம் ஆண்டு நவம்பரில் ஆயிரம்விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க மாநகராட்சி மன்றம் ஒப்புதல் அளித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது நிபந்தனை. அந்தப் பள்ளிக்கு வருபவர்கள் மிகவும் ஏழைப் பிள்ளைகள் என்றும், வறுமையால் பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது என்றும் காரணம் காட்டப்பட்டது. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு நீட்டித்தார்கள். 1922-23இல் 811 பிள்ளைகள் சாப்பிட்டார்கள். 1924-25இல் 1,671 பிள்ளைகள்.

நான் கடைக்காரன், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. ரூபாய்க்குப் பதினாறு அணா. 1,671 பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஓர் அணா முழுதாகச் செலவானால்கூட ஒரு நாளைக்கு 104 ரூபாய் 7 அணா. ஒரு மாநகராட்சிக்கு இது எம்மாத்திரம்! பசியோடு இருக்கும் பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பதைத் தாய்மார்கள் எல்லாக் காலத்திலும் அறிந்திருந்தார்கள். அதை ஒரு தீர்மானமாக எழுதி, பட்ஜெட்டில் ஒரு வரியாகச் சேர்த்து, ‘தலைக்கு ஓர் அணா’ என்று விலை குறித்தது புதிது. தர்மம் என்று விட்டிருந்தால் கொடுப்பவர் மனம் மாறும் நாளில் அது நின்றுபோகும். செலவுத் தலைப்பாக வந்துவிட்டால் பிள்ளை யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. நெசவுக்கூடம் நடத்தியவர்கள் கூலியையும் நூல் விலையையும் கணக்கிடும் அதே கவனத்தை இந்தத் தீர்மானத்தில் காண்கிறேன்.

அப்படியானால் அது ஏன் நின்றது?

ஆரம்பக் கல்விக்கான நிதியைச் சிற்றுண்டிக்குச் செலவிடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று சர்க்கார் சொன்னது. 1925ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து செலவை அனுமதிக்க மறுத்துவிட்டார்கள். தியாகராயர் மறைந்ததும் அதே ஆண்டுதான். உணவும் கல்வியும் வேறு வேறு என்று கோப்பில் எழுதியவரை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

வியாபாரிகளுக்கு என்ன செய்தார்?

அன்றைக்குச் சென்னையில் இருந்த வர்த்தக சபை 1836ஆம் ஆண்டு தோன்றியது. அதில் ஐரோப்பியக் கம்பெனிகளின் குரல்தான் ஓங்கியிருந்தது. 1906ஆம் ஆண்டு அர்பத்னாட் என்ற பெரிய வெள்ளைக்காரக் கம்பெனி திவாலாகி ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பைக் கரைத்தது. ‘நம் பணத்தை நாமே காப்போம்’ என்ற எண்ணம் பரவி 1907ஆம் ஆண்டு இந்தியன் வங்கி பிறந்தது. 1909ஆம் ஆண்டு இந்திய வணிகர்களுக்கென்று தென்னிந்திய வர்த்தக சபை அமைந்தது. தியாகராயர் அதன் முதல் தலைவர். பத்தாண்டுகளுக்கு மேல் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அரசியலுக்கு ஏன் போனார்?

நெடுங்காலம் காங்கிரஸ்காரராக இருந்தவர்தான். படிப்பிலும் உத்தியோகத்திலும் பிராமணர் அல்லாதார் மிகவும் பின்தங்கிக் கிடந்தது அவரை உறுத்தியது. திருவல்லிக்கேணியில் மருத்துவர் சி. நடேசனார் வெளியூரிலிருந்து படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்காகத் திராவிடர் இல்லம் நடத்திக்கொண்டிருந்தார். டாக்டர் டி.எம். நாயரும் தியாகராயரும் மாநகராட்சியில் எதிரும் புதிருமாக இருந்தவர்கள். இந்த இருவரையும் பேச வைத்து ஒரே மேடைக்குக் கொண்டுவந்தவர் நடேசனார். 1916ஆம் ஆண்டு நவம்பர் 20 அன்று தலைவர்கள் கூடித் தென்னிந்திய நலவுரிமைச் சங்கத்துக்கு வித்திட்டார்கள். அடுத்த மாதம் தியாகராயரின் கையொப்பத்தோடு பிராமணரல்லாதார் கொள்கை அறிக்கை வெளியானது.

இதிலும் அவருடைய வணிகப் பழக்கம் தெரிகிறது. பத்திரிகை நடத்தப் பங்குகள் விற்று ஒரு கம்பெனி அமைத்தார்கள். ஆங்கிலத்தில் ‘ஜஸ்டிஸ்’, தமிழில் ‘திராவிடன்’, தெலுங்கில் ‘ஆந்திர பிரகாசிகா’ வெளிவந்தன. ‘ஜஸ்டிஸ்’ என்ற பெயரால்தான் கட்சியே நீதிக்கட்சி ஆனது.

முதல் மந்திரி பதவியை வேண்டாம் என்றாராமே?

ஆம். 1920ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த 98 இடங்களில் 63 இடங்களை நீதிக்கட்சி பிடித்தது. கவர்னர் வில்லிங்டன் பிரபு ஆட்சி அமைக்கத் தியாகராயரை அழைத்தார். அவர் ஏற்கவில்லை. கடலூர் அ. சுப்பராயலு ரெட்டியார் டிசம்பர் 17 அன்று முதல் மந்திரியானார். அவருக்கு உடல்நலம் குன்றியதால் 1921ஆம் ஆண்டு பானகல் அரசர் வந்தார்.

ஏன் மறுத்தார் என்று கேட்டால், அவர் வாழ்க்கையையே பதிலாகப் பார்க்கிறேன். அதே 1920ஆம் ஆண்டில் அவர் மாநகராட்சித் தலைவர். சிற்றுண்டித் தீர்மானமும் தேர்தலும் அடுத்தடுத்து வந்தவை. முப்பத்தெட்டு ஆண்டுகள் உழைத்த இடத்தில் அப்போதுதான் கை நிறைய அதிகாரம் கிடைத்திருந்தது. கோட்டையில் நாற்காலி பெரிதுதான். ஆனால் தெருக்குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கும் நாற்காலி ரிப்பன் கட்டடத்தில் இருந்தது. கட்சியின் தலைவராக மட்டும் கடைசி வரை தொடர்ந்தார்.

‘வெள்ளுடை வேந்தர்’ என்ற பெயர் எப்படி வந்தது?

வெள்ளை வேட்டி, வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை. சர் பட்டம் வாங்கிய பிறகும் உடை மாறவில்லை. வேல்ஸ் இளவரசர் 1922ஆம் ஆண்டு சென்னைக்கு வந்தபோதும் இந்த உடையிலேயே வரவேற்றார் என்று பேட்டையில் பெருமையாகச் சொல்வார்கள். நெசவுத் தொழில் செய்தவர், தன் தொழிலையே உடுத்திக்கொண்டு நின்றார் என்று எனக்குத் தோன்றும்.

அவரிடம் குறையே இல்லையா?

இருந்தது. ஒரு பெற்றோர் இதைக் கேட்டபோது கூட வந்தவர்கள் அவரை அடக்கப் பார்த்தார்கள். நான் தடுத்தேன், கேட்க வேண்டிய கேள்வி அது.

1921ஆம் ஆண்டு பெரம்பூர் ஆலைகளில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. மாதக்கணக்கில் நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்ப, மற்றவர்கள் எதிர்க்க, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. வடசென்னை உழைப்பாளிகள் இரண்டாகப் பிளந்து நின்ற அந்த நேரத்தில் நீதிக்கட்சித் தலைமை ஆதிதிராவிட மக்களின் துன்பத்தைத் தன் துன்பமாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்சியில் இருந்த ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா மனம் கசந்து 1923ஆம் ஆண்டு வெளியேறினார். கட்சியின் தலைவர் தியாகராயர். பொறுப்பு அவர் தோளிலும் விழுகிறது. ஆயிரம்விளக்குப் பிள்ளைகளின் பசியைக் கண்ட கண் புளியந்தோப்பை இன்னும் கூர்ந்து பார்த்திருக்க வேண்டும். அவர்மேல் எனக்குள்ள மதிப்பு பெரியது. அதனாலேயே இதை மறைக்க மனம் வரவில்லை. அன்றைக்கு எரிந்த குடிசைகளில் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் என்னோடு ஞாயிற்றுக்கிழமை நடக்கிறார்கள்.

வடசென்னைக்காரர் பெயரைத் தென்சென்னையில் ஏன் வைத்தார்கள்?

1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துப் புது நகர் அமைத்தார்கள். ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. நகருக்குத் தியாகராயர் பெயர், நடுவில் பூங்காவுக்குப் பானகல் அரசர் பெயர், சாலைகளுக்கு உஸ்மான், டாக்டர் நாயர், ஜி.என். செட்டி என்று கட்சி முன்னோடிகளின் பெயர்கள். தி. நகரைச் சுற்றி வந்தால் நீதிக்கட்சியின் வருகைப் பதிவேட்டைப் படித்த மாதிரி இருக்கும். பாண்டிபஜார்கூட அந்தக் கட்சியின் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் பெயரால் வந்ததுதான்.

வருத்தம் எனக்கும் உண்டு. ‘தி’ என்ற ஒற்றை எழுத்தாக அவர் சுருங்கிப்போனார். தீபாவளிக்குத் துணி வாங்க அங்கே நெரிசலில் நிற்கும் லட்சம் பேரில் எத்தனை பேருக்கு அவர் துணி நெய்யும் தொழிலைச் சேர்ந்தவர் என்று தெரியும்? எங்கள் எம்.சி. ரோட்டிலும் தீபாவளிக் கூட்டம் அப்படித்தான் அலைமோதுகிறது. விலையும் இங்கே குறைவு.

இவரைப் போல வேறு வணிகர்கள் இந்தப் பக்கம் இருந்தார்களா?

இருந்தார்கள். மூவரைச் சொல்கிறேன். துபாஷாக, அதாவது வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்து, பொருள் சேர்த்த பச்சையப்பர் 1794ஆம் ஆண்டு மறைந்தார். அவர் அறக்கட்டளைப் பணம் நெடுநாள் வழக்கில் கிடந்து, 1842ஆம் ஆண்டு கருப்பர் நகரத்தில் (இன்றைய ஜார்ஜ் டவுன்) பள்ளியாக மலர்ந்தது. ராஜா சர் சவலை ராமசாமி முதலியார் சென்ட்ரல் ரயில் நிலையத்தருகே சத்திரம் கட்டினார். ராயபுரத்தில் அவர் பெயர் தாங்கிய பிரசவ மருத்துவமனையில் இன்றும் வடசென்னைக் குழந்தைகள் பிறக்கின்றன. ஆர்.எஸ்.ஆர்.எம். என்று நாம் சொல்வது அவருடைய பெயரின் முதலெழுத்துகள்தான். என் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தார்கள்.

மூன்றாமவரை யாரும் கேட்பதில்லை, நானே சொல்லிவிடுவேன். காஜுல லட்சுமிநரசு செட்டி. 1806ஆம் ஆண்டு பிறந்தவர். துணியும் அவுரியும் விற்றுப் பெரும் பணம் சேர்த்தார். 1844ஆம் ஆண்டு ‘கிரசென்ட்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1852ஆம் ஆண்டு, தியாகராயர் பிறந்த அதே ஆண்டு, சென்னை சுதேசிகள் சங்கத்தை நிறுவினார். வரி கட்ட முடியாத விவசாயிகளைச் சர்க்கார் சிப்பந்திகள் அடித்தும் வெயிலில் நிறுத்தியும் சித்திரவதை செய்ததை வெளியே கொண்டுவர, லண்டனிலிருந்து வந்த நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமூரை ஊர் ஊராக அழைத்துச் சென்று நேரில் காட்டினார். அதன் விளைவாகவே சித்திரவதை விசாரணைக் குழு அமைந்தது. 1855ஆம் ஆண்டு அதன் அறிக்கை கொடுமைகளை ஒப்புக்கொண்டது. எல்லாப் பணத்தையும் பொதுக்காரியத்தில் இழந்து 1868ஆம் ஆண்டு ஏழையாகவே இறந்தார். தியாகராயருக்கு முந்திய தலைமுறையில் இந்த ஊர் வியாபாரிகள் எப்படிப்பட்டவர்கள் என்பதற்கு இந்த ஒரு வாழ்க்கை போதும்.

நானும் சிறு வியாபாரிதான். பெரிய பணம் இல்லை. என்னால் என்ன செய்ய முடியும்?

அண்ணே, பணத்தை விடுங்கள், வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியுமா? தமிழ்நாட்டில் நகர்ப்புறங்களுக்கு வார்டு குழுவும் பகுதி சபையும் 2022 முதல் விதிகளோடு வந்திருக்கின்றன. உங்கள் பகுதி சபை என்று கூடுகிறது என்று மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். அரசுப் பள்ளிகளிலும் மாநகராட்சிப் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. பிள்ளை படிக்கும் பள்ளியில் பெற்றோராக நீங்கள் அதில் சேரலாம். முதல் கூட்டத்தில் யாரும் நம்மைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது. எங்கள் தெருப் பள்ளியின் கழிப்பறைக் கதவுக்காக ஏழு கூட்டம் போனேன். எட்டாவது கூட்டத்துக்கு முந்திய வாரம் கதவு வந்தது. போகும்போது கணக்கு நோட்டு ஒன்று கொண்டுபோங்கள். என்ன கேட்டோம், யார் என்ன சொன்னார், என்று சொன்னார் என்று தேதியோடு எழுதி வையுங்கள். பாக்கி எழுதும் பழக்கம் நமக்கு இருக்கிறதே, அது அங்கே மிகவும் உதவும்.

அவர் நினைவாக என்னென்ன பார்க்கலாம்? எப்படி வருவது?

விமான நிலையத்திலிருந்து விம்கோ நகர் செல்லும் நீல வழித்தட மெட்ரோவில் ஏறுங்கள். வண்ணாரப்பேட்டைக்கு அடுத்த நிலையம் தியாகராயா கல்லூரி. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தப் பாதை திறந்தபோது அந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்கவே எங்கள் தெருவிலிருந்து பலர் ஒரு முறை ஏறி இறங்கினோம். வெளியே வந்தால் திருவொற்றியூர் நெடுஞ்சாலை. அவர் பெயரில் 1950ஆம் ஆண்டு தொடங்கிய கல்லூரி அங்கே இருக்கிறது. சுற்றுவட்டாரத்து உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு, குடும்பத்தில் முதல் பட்டம் இங்கேதான் கிடைத்தது.

அதே வழித்தடத்தில் வடக்கே சென்றால் காலடிப்பேட்டை நிலையம். தெற்கே திரும்பி சென்ட்ரலில் இறங்கினால் எதிரே ரிப்பன் கட்டடம். வளாகத்தில் அவர் சிலை நிற்கிறது. மாநகராட்சி வேலையாகப் போகும்போது நான் அங்கே ஒரு நிமிடம் நிற்பேன். பிள்ளைகளோடு வருபவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கல்லூரி வாசலுக்கு வந்துவிடுங்கள். நடப்பதற்கு வெயில் ஏறாத நேரம் அதுதான். ஒன்பதரை மணிக்கு நான் கடை திறக்க வேண்டும்.